வெந்நீரும் வேண்டாம்... திட்டும் வேண்டாம்! ரத்தக் கறை, செல்லப்பிராணிக் கறைகளை நீக்குவது எப்படி?

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். பாத்ரூமில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் சத்தம் கேட்டு விழித்தேன். தட்டினேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. லீவுக்கு வந்திருந்த சித்தி பெண், 12 வயது, என் பெட்ஷீட்டைச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அழுத முகம்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாத. போகவே மாட்டேங்குது. ஹீட்டர் போட்டு, கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேன். அப்படியும் போகல."

அவளுக்கு அது மூன்றாவது மாதம். ராத்திரி தூக்கத்தில் நாப்கின் விலகியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால், ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டவள்போல நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போதே ஹாலில் இருந்து அப்பாவின் குரல். "மறுபடியுமா!" மூன்று மாதக் குட்டி மணி, பாட்டி படுக்கும் பவானி ஜமக்காளத்தின் நடுவில் போய் நின்று, வேலையை முடித்திருந்தான். மழையில் நனைந்து நின்றவனை நான்தான் தூக்கிவந்தேன். அந்த வாரத்தில் இது நான்காவது முறை. வீடே வாடை. "நாளைக்குக் காலையில இது இந்த வீட்ல இருக்கக் கூடாது" என்றார் அப்பா. மணி சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான்.

ஒரே காலை. இரண்டு கறைகள். இரண்டு பேருமே வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால், இரண்டு பேரும் ஒளிந்துகொண்டார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தேன். அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டேன். தெருமுனை லாண்டரி அண்ணனிடம் கேட்டேன். மணியைப் பார்த்த கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். நிறையப் படித்தேன். வீட்டில் செய்தும் பார்த்தேன். தெரிந்துகொண்டது இதுதான்: கறைகளில் மோசமானது பெரிய கறை இல்லை, மறைத்து வைக்கிற கறை. உடனே சொன்னால் முக்கால்வாசி பச்சைத் தண்ணீரிலேயே போய்விடும். எப்படி என்று பார்ப்போம்.

ரத்தத்துக்கு ஏன் வெந்நீர் ஆகாது?

முட்டையை வெந்நீரில் போட்டால் என்ன ஆகிறது? தண்ணீர்போல இருந்த வெள்ளைக்கரு கெட்டியாகிவிடுகிறது. மறுபடி அதைத் தண்ணீர்போல ஆக்க முடியாது. ரத்தத்திலும் இருப்பது புரதம்தான். வெந்நீர் பட்டதும் அந்தப் புரதம் நூலிழைகளுக்குள் அப்படியே வெந்து ஒட்டிக்கொள்கிறது. என் சித்தி பெண் ஹீட்டர் போட்டு ஊற்றியது அதைத்தான் செய்தது.

எனவே முதல் விதி, ரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் குழாயைத் திறந்தால் மொட்டை மாடித் தொட்டியில் இருந்து வருவதே வெந்நீர்தான். அந்த நேரத்தில் குழாய்த் தண்ணீரை நம்பாதீர்கள். பானைத் தண்ணீரோ, ஃபிரிட்ஜ் பாட்டில் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கறை: முதல் 10 நிமிடங்கள்

* தேய்க்காதீர்கள். சுத்தமான வெள்ளைத் துணியை வைத்து ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை பரவும், ஆழமாகவும் இறங்கும்.

* துணியைத் திருப்பிப் பிடியுங்கள். கறையின் பின்பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் விழ வேண்டும். வந்த வழியிலேயே ரத்தத்தை வெளியே தள்ளுவதற்காக.

* தண்ணீர் நிறம் இல்லாமல் ஓடும்வரை விடுங்கள். பிறகு சாதாரணத் துவைக்கிற சோப்பை லேசாகத் தடவி, விரல்களால் மெதுவாகக் கசக்கி அலசுங்கள்.

* இன்னும் இருந்தால், அரை பக்கெட் குளிர்ந்த தண்ணீரில் ஒரு கைப்பிடி கல் உப்பைக் கரைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.

புதுக் கறை பெரும்பாலும் இதோடு போய்விடும். வெளியூரிலோ, பஸ்ஸிலோ, ஆபீஸிலோ இருக்கும்போது கறை பட்டால், கைப்பையில் இருக்கும் குடிநீர் பாட்டிலே போதும். கர்ச்சீப்பை நனைத்து ஒற்றுங்கள். கறை காயாமல் ஈரமாகவே இருந்தால், வீட்டுக்கு வந்து துவைப்பது சுலபம்.

காய்ந்துபோன கறைக்கு ஓர் இரவு கொடுங்கள்

காலையில் பட்டதை ராத்திரிதான் பார்க்கிறீர்களா? அவசரப்பட்டுப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். காய்ந்து பொருக்காக இருப்பதை முதலில் மொட்டைக் கத்தியாலோ, பழைய ஸ்பூனாலோ மெல்லச் சுரண்டித் தட்டிவிடுங்கள்.

பிறகு குளிர்ந்த தண்ணீரில் என்ஸைம் கலந்த சோப்புத் தூளைக் கரைத்து, ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். என்ஸைம் என்றால் நொதி. நம் வயிற்றில் சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் அதே வகைச் சமாசாரம். ரத்தத்தின் புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துத் தண்ணீரில் கரைய வைக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் உள்ள விவரத்தில் என்ஸைம் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லா சோப்புத் தூளிலும் இது இருக்காது.

முதல் தடவையில் போகவில்லை என்றால் இரண்டாவது தடவை ஊறவையுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கறை முழுதாகப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள், வாஷிங் மெஷினில் டிரையரையும் ஓட்டாதீர்கள். ஈரத்தில் கறை போனதுபோலத் தெரியும். நிழலில் உலர்த்தி, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். லாண்டரி அண்ணன் சொன்னது: "கறையோட இஸ்திரி போட்டுட்டு என்கிட்ட கொண்டு வர்றாங்கம்மா. அப்புறம் நான் என்ன மந்திரமா போட முடியும்?"

வெள்ளைத் துணிக்கு மெடிக்கல் ஷாப் வைத்தியம்

பள்ளிக்கூட யூனிஃபார்ம் சட்டை, வேட்டி, வெள்ளை பெட்ஷீட் என்றால் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உதவும். மெடிக்கல் ஷாப்களில் பிரவுன் நிற பாட்டிலில் கிடைக்கும். கறையில் விட்டதும் நுரைத்துப் பொங்கும். பயப்பட வேண்டாம். ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி, பெராக்ஸைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கிறது. அந்த ஆக்ஸிஜன்தான் நுரை.

கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, அளவு. துணிக்கு 3 சதவிகிதம் போதும். பாட்டிலில் 20 வால்யூம் என்று இருந்தால் அது 6 சதவிகிதம். அதே அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, நிறம். இது நிறத்தை வெளுக்க வைக்கும். கலர் துணி என்றால் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, 10 நிமிடம் கழித்துப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

மூன்று, நேரம். சில நிமிடங்களில் நுரை அடங்கியதும் குளிர்ந்த தண்ணீரில் அலசிவிடுங்கள். அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

வெள்ளைத் துணிதானே என்று குளோரின் ப்ளீச்சை ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ரத்தத்தில் இரும்புச்சத்து இருப்பதால், ப்ளீச் பட்டு சிவப்பு போனாலும் துரு போன்ற மஞ்சள் நிழல் தங்கிவிடலாம். வேண்டாம்.

மெத்தை, சோபா, பட்டுப்புடவை

மெத்தையை பக்கெட்டில் முக்க முடியாது. அதில் தண்ணீரை ஊற்றவும் கூடாது. உள்ளே இறங்கிய ஈரம் காயாமல் பூஞ்சை பிடிக்கும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றுங்கள். காய்ந்த துணியால் ஒற்றுங்கள். மாற்றி மாற்றி இதையே செய்யுங்கள். மிச்சம் இருந்தால் ஆப்ப சோடாவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, கறைமேல் பூசி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள். பிறகு ஃபேன் காற்று. கறை போன பிறகு வெயில். இலவம் பஞ்சு மெத்தை என்றால் ஈரத்தை இன்னும் குறைவாகப் பயன்படுத்துங்கள். பஞ்சு கட்டிதட்டிவிடும்.

பட்டும் கம்பளியும் தனி ஜாதி. அந்த இழைகளே புரதம்தான். ரத்தப் புரதத்தை அரிக்கிற என்ஸைம் பவுடர், பட்டையும் சேர்த்து அரித்துவிடும். எனவே என்ஸைம் பவுடர், பெராக்ஸைடு, ப்ளீச் எதுவும் கிட்டே போகக் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் ஒற்றிவிட்டு, டிரை கிளீனிங் கொடுங்கள். கொடுக்கும்போது "இது ரத்தக் கறை" என்று சொல்லிக் கொடுங்கள். கூச்சப்பட்டு "ஏதோ கறைங்க" என்று சொன்னால், அவர் அதைக் குங்குமக் கறை என்றோ, சாம்பார் என்றோ நினைத்துச் சூடு காட்டிவிடுவார். இங்கேயும் மறைப்பதால்தான் நஷ்டம்.

இன்னொன்று. அடிபட்ட வேறொருவரின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும்போது கையுறை அவசியம். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள்கள்வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது. வீட்டு மனிதர் என்றாலும் கையுறை போடுவது அவமரியாதை இல்லை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அந்த வேலையை இன்னொருவரிடம் விடுங்கள்.

அடுத்து, மணியின் கேஸ்!

நாய், பூனை சிறுநீரில் பிரச்னை கறை அல்ல, வாடை. துடைத்தாயிற்று, காய்ந்தாயிற்று, வாடை போயிற்று என்று நிம்மதியாக இருப்போம். அடுத்த மழை நாளில் வீட்டுக்குள் நுழைந்தால் அதே வாடை!

காரணம் இருக்கிறது. சிறுநீரில் யூரியா உண்டு. பாக்டீரியாக்கள் அதை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. மூக்கைத் துளைக்கும் வாடை அதுதான். தண்ணீர் ஆவியானாலும் உப்புகளும் மற்றவையும் துணிக்குள்ளேயே படிந்திருக்கும். காற்றில் ஈரம் ஏறியதும் அவை ஈரத்தை இழுத்து மறுபடி மணக்கும். கடுவன் பூனை என்றால் இன்னும் கஷ்டம். பூனைகளின் சிறுநீரில் ஃபெலினின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அது உடையும்போது கந்தகம் கலந்த வாடை வரும். ஒரு தடவை அடித்துவிட்டுப் போனால் நாள்கணக்கில் நிற்கும்.

நம் மூக்குக்கு வாடை போய்விட்டாலும், நாயின் மூக்குக்குப் போவதில்லை. அதற்கு அந்த வாடை "இது நான் போகும் இடம்" என்கிற போர்டு மாதிரி. மணி மறுபடி மறுபடி ஜமக்காளத்துக்கே போனதற்குக் காரணம் திமிர் இல்லை. நாங்கள் ஒவ்வொரு முறையும் பினாயில் போட்டு மேலாகத் துடைத்தோமே தவிர, உள்ளே இருந்ததை எடுக்கவில்லை.

ஜமக்காளம், கார்ப்பெட், சோபா: செய்ய வேண்டியவை

* முதலில் உறிஞ்சுங்கள். பழைய பருத்தித் துண்டை நான்காக மடித்துக் கறைமேல் வைத்து, அதன்மேல் ஏறி நில்லுங்கள். துண்டு நனைந்ததும் மாற்றுங்கள். துண்டில் ஈரம் ஒட்டாதவரை தொடருங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

* கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் தெளித்து, மறுபடி இதேபோல உறிஞ்சி எடுங்கள். வெந்நீரும் ஸ்டீம் கிளீனரும் இங்கேயும் கூடாது. சூட்டில் கறையும் வாடையும் இழையில் பிடித்துக்கொள்ளும்.

* வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஸ்ப்ரே செய்யுங்கள். அமிலமான வினிகர், அம்மோனியாவைச் சமன் செய்யும். 10 நிமிடம் கழித்து ஒற்றி எடுங்கள். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும்.

* ஈரம் குறைந்ததும் ஆப்ப சோடாவைத் தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பிரஷ்ஷாலோ வேக்குவம் கிளீனராலோ எடுங்கள்.

* அப்படியும் வாடை இருந்தால், பெட் ஷாப்களில் கிடைக்கும் என்ஸைம் கிளீனர். பலர் இதைத் தெளித்து உடனே துடைத்துவிட்டு "வேலை செய்யலை" என்கிறார்கள். நொதி வேலை செய்ய ஈரமும் நேரமும் வேண்டும். சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் அதுவும் இறங்க வேண்டும். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை ஈரமாக விடுங்கள். கம்பளிக் கார்ப்பெட் என்றால், கம்பளிக்கு ஏற்றதா என்று லேபிளில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலந்து பொங்க வைக்கும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. பார்க்க ஜோர்தான். ஆனால், ஒன்று அமிலம், இன்னொன்று காரம். இரண்டும் ஒன்றை ஒன்று சமன்செய்து, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். முதலில் அது, பிறகு இது. அப்படித்தான் பயன்படுத்த வேண்டும்.

பவானி ஜமக்காளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அது கனமான பருத்தி நூலில், அடர்த்தியான நிறப் பட்டைகளோடு நெய்யப்படுவது. வினிகரோ கிளீனரோ போடும் முன், ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். துணியில் சாயம் ஒட்டினால் வெறும் தண்ணீரோடும் லேசான சோப்போடும் நிறுத்திக்கொள்ளுங்கள். முழுவதும் நனைத்தால் ஓர் ஆள் தூக்க முடியாத கனம் வந்துவிடும். இரண்டு பேர் இருக்கும்போது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு பக்கமும் காற்றுப்படும்படி போடுங்கள். கீழே தரையையும் துடைக்க மறக்காதீர்கள். எங்கள் வீட்டில் பாதி வாடை தரையின் டைல்ஸ் இடுக்கில்தான் இருந்தது!

வாடை வருகிறது, இடம் தெரியவில்லையா? கள்ள நோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை எடுத்துக்கொண்டு, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். காய்ந்த சிறுநீர் மங்கலான மஞ்சள் பச்சையாகத் தெரியும். சில சோப்புத் தூள் கறைகளும் இதில் மின்னும். எனவே, தெரிந்த இடத்தை முகர்ந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு வழியில்லை!

இவற்றை மட்டும் செய்யாதீர்கள்

* சிறுநீர்மேல் ப்ளீச் ஊற்றாதீர்கள். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். மூடிய பாத்ரூமில் மூச்சுத் திணறலே வரலாம்.

* ப்ளீச்சோடு வினிகரையோ, ஆசிட் வகை டாய்லெட் கிளீனரையோ கலக்காதீர்கள். வருவது குளோரின் வாயு.

* பெராக்ஸைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலந்து வைக்காதீர்கள். கண்ணையும் தோலையும் அரிக்கும் வேறொரு அமிலமாக மாறும்.

* பூனை இருக்கும் வீட்டில் பினாயில் வேண்டாம். தண்ணீரில் விட்டதும் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகளும் வேண்டாம். அவற்றில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கும் பூனைக்கு அது விஷம்.

* கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் நோய், எலி மூலமாக மட்டுமல்ல, நோயுள்ள நாயின் சிறுநீர் மூலமாகவும் பரவும். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. கர்ப்பிணிகள் பூனைக் கழிவைத் தொடவே வேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா தொற்று கருவைப் பாதிக்கலாம்.

அடித்தால் கற்றுக்கொள்ளுமா?

நாய்க்குட்டியின் மூக்கை அந்த இடத்தில் வைத்துத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் பல வீடுகளில் நடக்கிறது. மணியைப் பார்த்த மருத்துவர் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அஞ்சு நிமிஷம் முன்னாடி செஞ்சதுக்கு இப்ப அடி விழுதுன்னு அதுக்குப் புரியாது. உங்களைப் பார்த்தா பயம் மட்டும்தான் வரும். அப்புறம் கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னாடின்னு மறைவாப் போய் பண்ணும்."

கேட்டதும் எனக்கு பாத்ரூம் கதவுக்குப் பின்னால் நின்ற முகம்தான் நினைவுக்கு வந்தது.

குட்டிகளால் எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எத்தனை மாதமோ, தோராயமாக அத்தனை மணி நேரம். மூன்று மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். நாங்களோ மழையைக் காரணம் காட்டி, ராத்திரி ஒன்பதில் இருந்து காலை ஆறுவரை கதவைத் திறக்கவே இல்லை! தப்பு யார்மேல்? தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே அழைத்துப் போங்கள். சரியான இடத்தில் போனதும் அங்கேயே தட்டிக்கொடுத்து, ஒரு பிஸ்கட் துண்டு கொடுங்கள்.

வாடைக்குப் பயந்து வளர்த்ததைத் தெருவில் விடுவது தீர்வல்ல. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

துவைப்பதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள்

ஒழுங்காக இருந்த நாயோ பூனையோ திடீரென்று வீட்டுக்குள் போக ஆரம்பித்தால், அது சிறுநீர்த் தொற்றாகவோ, சர்க்கரை நோயாகவோ, சிறுநீரகக் கோளாறாகவோ இருக்கலாம். காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். கடுவன் பூனை அடிக்கடி முக்கியும் சொட்டு சொட்டாகத்தான் வருகிறது, அல்லது வரவே இல்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். அடைப்பு உயிரைப் பறித்துவிடும்.

கருத்தடை செய்யாத பெண் நாய், பருவத்துக்கு வரும்போது சொட்டுச் சொட்டாக ரத்தம் விடுவது இயல்பு. ஆனால், அது முடிந்து சில வாரங்கள் கழித்து நாற்றமடிக்கும் திரவம் வந்து, நாய் சோர்ந்து படுத்தால் அது கர்ப்பப்பையில் சீழ். அவசர சிகிச்சை வேண்டும். இதையெல்லாம் முதலில் சொல்வது கால்மிதியிலும் கார்ப்பெட்டிலும் இருக்கும் கறைதான்.

மனிதர்களுக்கும் அப்படித்தான். ஞாயிறு மாலை, பாத்ரூம் கதை தெரிந்த பிறகு, பாட்டி சித்தி பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். எனக்கே அது புதுசு.

"உங்க பெரிய பாட்டிக்குத் தூரம் நின்னு பத்து வருஷம் ஆகியிருந்துச்சு. திரும்பவும் புடவையில பட ஆரம்பிச்சிருக்கு. இந்த வயசுல இதை யார்கிட்ட சொல்றதுன்னு வெட்கப்பட்டு, எல்லாரும் எழுந்திரிக்கிறதுக்குள்ள கிணத்தடியில போய்த் தனியா துவைச்சிடுவா. எட்டு மாசம் யாருக்கும் தெரியாது. தெரிஞ்சப்போ கர்ப்பப்பை முழுக்கப் பரவிடுச்சுன்னுட்டாங்க. கறையைத் துவைச்சா, சீக்கைத் துவைச்ச மாதிரி ஆயிடுமா கண்ணு?"

மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு, ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால், புற்றுநோயாக இருந்தால் ஆரம்பத்திலேயே பிடிக்க அதுதான் வாய்ப்பு. மாதவிடாய் இருப்பவர்களுக்கும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து தொடர்ந்து மாற்ற வேண்டியிருந்தாலோ, 7 நாள்களுக்கு மேல் நீடித்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ அது சாதாரணம் இல்லை. ஆண்களின் உள்ளாடையில், சிறுநீரில், மலத்தில் ரத்தம் தெரிந்தாலும் இதேதான்.

வீட்டில் துணி துவைப்பவர் கண்ணில்தான் இது முதலில் படும். அவர் கேட்கிற கேள்வி திட்டாக இருந்தால், அடுத்த தடவை துணி அவர் கைக்கே வராது.

அப்புறம் என்ன ஆச்சு?

ஜமக்காளம் இரண்டு முறை வினிகர், ஒரு முறை என்ஸைம் கிளீனர், மூன்று நாள் மொட்டை மாடி என்று போய், வாடை இல்லாமல் திரும்பி வந்தது. மணிக்குச் சிறுநீர்த் தொற்று எதுவும் இல்லை. அப்பா இன்றுவரை "நாயை வெச்சுக்கலாம்" என்று வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால், தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையோடு மணியை வெளியே அழைத்துப் போவது அவர்தான்.

பெட்ஷீட்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முழுதாகப் போகவில்லை. இரண்டு ராத்திரி ஊறவைத்தோம், பெராக்ஸைடும் போட்டோம். வெந்நீர் பட்டிருந்ததால், மங்கலான ஒரு பழுப்பு விளிம்பு தங்கிவிட்டது. தூக்கிப் போடவா என்று கேட்டேன். "எதுக்கு? நல்ல பருத்தி" என்று மடித்து பீரோவில் வைத்துவிட்டார் அம்மா.

பொங்கல் லீவுக்குச் சித்தி பெண் மறுபடி வந்தாள். இரண்டாம் நாள் காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்றாள். கையில் அதே பெட்ஷீட். இந்த முறை சுருட்டி மறைக்கவில்லை.

"அக்கா, பட்டுடுச்சு. பக்கெட் எங்க இருக்கு? பச்சைத் தண்ணிதானே?"